நான்கு நிமிஷக் கப்பு

எனக்குச் சிரித்த முகம் கிடையாது. கல்யாண வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்க வைத்தாலும், வருகிறவர்கள் "என்னம்மா கோவம்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இந்த மூஞ்சிதான் வேண்டும் என்று ஒருவர் தேடி வந்தார். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை ஒன்றில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறேன். அச்சு ஊற்றுவது என் வேலை. களிமண்ணைப் பால் பதத்துக்குக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, ஓரம் கெட்டிப்பட்டதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே பொம்மை நிற்கும். பிள்ளையார், கிளி, உண்டியல், விளக்கு என்று என் கை படாத உருப்படி இல்லை. முதலாளி பெயருக்குத்தான் முதலாளி, சூளையில் எதை எந்த வரிசையில் அடுக்குவது என்றுகூட என்னைத்தான் கேட்பார். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

தேடி வந்தவர் மேஜிக் சாமான் விற்கிறவர். வயதில் என்னைவிடச் சின்னவர், அதனால் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, கயிறு, சீட்டு, வளையம், பூ வரும் குச்சி எல்லாவற்றையும் போனிலேயே விற்றுவிடுவார். பிறந்தநாள் விழாக்களில் வித்தை காட்டுகிறவர்களும் பள்ளிக்கூடங்களுக்குப் போய் வித்தை காட்டுகிறவர்களும்தான் அவருக்கு வாடிக்கை. அவருக்குப் புதிதாக ஒரு பீங்கான் கப்பு தேவைப்பட்டது. அதில் தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழக்கூடாது. நிமிர்த்தி ஒரு குறிப்பிட்ட விதமாகச் சாய்த்தால் தண்ணீர் திரும்ப வரவேண்டும்.

தண்ணீர் எங்கே போகிறது என்பதை இங்கேயும் நான் எழுத முடியாது. முதல் சூளைக்குப் பூசை போட்ட அன்றைக்குத் தட்டில் எரிந்த கற்பூரத்தைக் காட்டி, "அணைச்சு சத்தியம் பண்ணுங்கக்கா. கப்புக்குள்ள என்ன இருக்குதுன்னு செத்தாலும் சொல்லக்கூடாது" என்றார். எங்கள் பக்கத்தில் கற்பூரம் அணைத்த வார்த்தையை மீறுகிறவர்கள் கிடையாது, மீறியவர்கள் கதை நிறைய உண்டு. உள்ளங்கையால் அணைத்தேன். ஒன்று மட்டும் சொல்லலாம். தண்ணீர் அந்தக் கப்பைவிட்டு எங்கேயும் போவதில்லை.

முதல் தடவை முழுச் சூட்டில் சுட்டோம். அந்தக் கப்பின் சுவர் அப்பளம் மாதிரி மெல்லிசு. பத்தில் எட்டு வாய் கோணிக்கொண்டு வந்தன. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "சூட்டைக் குறைச்சுப் பாக்கலாம்" என்று சொன்னவள் நான்தான். பொம்மைக்கு அப்படித்தானே செய்கிறோம், பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. குறைத்தோம். பத்தும் பத்தாக, லட்டு மாதிரி வந்தன. எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

பொம்மைக்கும் கப்புக்கும் உள்ள வித்தியாசத்தை யோசிக்காமல் போனேன். பொம்மையில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. முழுச் சூடு படாத மண் தண்ணீரைக் குடிக்கும். மேலே கண்ணாடி மாதிரி கிளேஸ் பூசியிருந்தாலும் அடிப்பாகத்தில் பூச முடியாது, பூசினால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் சோதித்த கப்பைத் தண்ணீரோடு அப்படியே பழைய பேப்பர் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து எடுத்தால் பேப்பரில் வட்டமாக ஈரம்.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பதறவில்லை. போனில் நேரம் வைத்துப் பார்த்தார். நான்கு நிமிஷம் வரைக்கும் கப்பு கல்லாக இருந்தது. நான்கு முடிந்ததும் அடியில் வேர்க்க ஆரம்பித்தது, ஐந்தாவது நிமிஷத்தில் சொட்டியது.

"நம்ம வீடியோ ஒண்ணே கால் நிமிஷந்தானேக்கா" என்றார்.

அந்த வீடியோவுக்குத்தான் என் மூஞ்சி. "சிரிக்கிறவங்களை எவனும் நம்ப மாட்டான்க்கா. நீங்க பேசுனா பாங்கி அதிகாரி பேசுற மாதிரி இருக்கும்" என்று பட்டறைச் சுவருக்கு முன்னால் என்னை நிற்க வைத்தார். எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். நான் இந்தக் கப்பைக் கையால் செய்கிறவள். படத்தில் எந்த வெட்டும் ஒட்டும் இல்லை. சுற்றிலும் ஆள் நின்றாலும் செய்யலாம். பார்ப்பவர் கையிலேயே கொடுத்துக் காட்டலாம். பயிற்சி தேவையில்லை. ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்து எந்தக் கோர்ட்டில் வைத்தாலும் நிற்கும். வெட்டில்லாத படம்தான், ஒன்றேகால் நிமிஷத்தில் முடிந்துவிடுகிற வெட்டில்லாத படம்.

இதைப் பற்றி அவரோடு நான் சண்டை போடாமல் இல்லை.

"நாலு நிமிஷத்துக்குள்ள முடிங்கன்னு ஒரு வரி சேர்த்தா என்ன தம்பி, கொறஞ்சா போயிடுவ?"

"அந்த ஒரு வரி போதும்க்கா. ஏன் நாலு நிமிஷம்னு யோசிப்பான். யோசிச்சா உள்ள என்ன இருக்குதுன்னு புரிஞ்சிடும். வாங்காமலே வித்தை தெரிஞ்சிடும். அப்புறம் எவன் வாங்குவான்? மேஜிக்குன்னாலே பொய்தானேக்கா. விளம்பரம் மட்டும் அரிச்சந்திரனா இருக்கணுமா?"

வாய்க்கு வாய் பேசுகிற எனக்கு, வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் பதில் வந்தது. வித்தைக்காரர் பொய் சொல்வது கூட்டத்திடம். கூட்டம் ஏமாறுவதற்கென்றே வந்து உட்கார்ந்திருக்கிறது. கப்பு விற்கிறவர் பேசுவது வித்தைக்காரரிடம். அவர் ஏமாற வரவில்லை, பிழைக்க வந்திருக்கிறார். இந்தப் பதிலை மறுநாள் சொன்னேன். "சூப்பர்க்கா, நீங்களே எழுதலாம் போல இருக்குது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவரிடம் கோபப்படவும் முடியாது. மண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றியது நான், சூட்டைக் குறைக்கச் சொன்னது நான், பேசியதும் நான்.

பிறகு ஒருநாள் பெண்ணாடத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறிப் பட்டறைக்கே வந்துவிட்டார். "வீடியோவுல பேசுவாங்களே, அந்தம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். இடுப்பு எலும்பு விலகி, இனி வண்டி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்ன வயதில் விளையாட்டாகக் கற்ற சீட்டு வித்தைகளை நம்பி, பள்ளிக்கூடங்களுக்கு நிகழ்ச்சி நடத்தலாம் என்று இறங்கியிருக்கிறார். மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து வீட்டை ஓட்டுகிறார் என்று, கேட்காமலே சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பியும் அங்கே இருந்தார். வந்தவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ங்க. ரகசியம் கேக்கலை. நான் ஒரு ராஜா கதை சொல்லுவேன். கப்புல தண்ணி ஊத்தி, கவுத்துக் காட்டிட்டு, கதை முடியிற வரைக்கும் அதை மேசை மேல வச்சிடுவேன். கதை முடிஞ்சப்புறம்தான் தண்ணி திரும்ப வரும். ஏழு நிமிஷம் ஆவும். அவ்ளோ நேரம் வைக்கலாங்களா?"

இதைவிடச் சரியான கேள்வியை யாரும் கேட்டிருக்க முடியாது. "வைக்கலாம்", "வைக்கக் கூடாது" என்ற இரண்டில் ஒன்று. ரகசியத்தை அவர் தொடவே இல்லை. "கூடாதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கற்பூரம் என் கையைச் சுட்டிருக்காது. ஆனால் அதற்கு அடுத்து "ஏங்க?" என்று கேட்பாரே. தம்பி சுவரில் சாய்ந்தபடி என்னையே பார்த்தார். அடுக்கி வைத்த அச்சுகளுக்கும் அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் யாரையாவது இடித்துக்கொண்டுதான் போகவேண்டும்.

"எவ்ளோ நேரம் வேணாலும் வைக்கலாங்க" என்றேன்.

"உங்க வாயால கேட்டாப் போதும்" என்று கும்பிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணைத் தோண்டிப் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. அதுவரை எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. இது முழுக்க என் சொந்தப் பொய். அவர் ஆறு கப்பு வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்ங்க" என்று சொல்லிப் போனார்.

அதற்கப்புறம் போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று எத்தனை தடவை எடுத்தேன். இப்போது அவர் கப்பை வாங்கியவர், உள்ளே என்ன இருக்கிறது என்று கப்போடு போகிற காகிதத்திலேயே போட்டிருக்கும், சத்தியம்கூட இனிமேல் குறுக்கே வராது. குறுக்கே நின்றது என் வாய்தான். நான் பொய் சொன்னேன் என்று ஆரம்பிக்காமல் அந்த விஷயத்தைச் சொல்ல வழியே இல்லை. பழகிப் பார்ப்பார், அவருக்கே தெரிந்துவிடும் என்று என்னை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்தார். பெண்ணாடத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் முதல் நிகழ்ச்சி. இது பிடித்துப்போனால் அந்த நிர்வாகத்தின் மற்றப் பள்ளிகளிலும் கூப்பிடுவார்களாம், பிடிக்கவில்லை என்றால் திரும்ப வேறு வேலை தேட வேண்டியதுதான். "நீங்க சொன்ன வார்த்தைக்குத்தான் இறங்குனேன். நீங்க வந்து முன்னாடி உக்காரணும்ங்க" என்றார். கப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேரத்தோடு போய், மேடை ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பஸ்ஸு வழியெல்லாம் கரும்பு வண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்தது. ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது அவர் மேடையில் சீட்டு விசிறிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு டீச்சர் என்னைப் பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோர் என்று நினைத்து, "வாங்க, முன்னாடி எடம் இருக்குது" என்று கையைப் பிடித்துக் கொண்டுபோய் முதல் வரிசையில் உட்கார வைத்தார். எழுந்து போக முடியாது. இந்தப் பக்கம் பெரிய ஸ்பீக்கர், அந்தப் பக்கம் வரிசையாகப் பெற்றோர், காலடியில் நானூறு பிள்ளைகள் தரையில்.

கப்பு வெளியே வந்தது. நீலக் கோடு போட்டது, என் கையால் ஊற்றியது. தண்ணீர் ஊற்றினார். கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் காது அடைத்தது. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ராஜா கதை தொடங்கியது. மேசையில் வெள்ளை விரிப்பு. அதில் ஈர வட்டம் விழப்போகிறது, முதல் வரிசையில் இருக்கும் பிள்ளை "தண்ணி! தண்ணி!" என்று கத்தப்போகிறது, அந்த மனுஷர் நானூறு பிள்ளைகளுக்கு முன்னால் முழிக்கப்போகிறார்.

அவர் கப்பை மேசையில் வைக்கவில்லை.

"இந்த ராஜா யாரையும் நம்ப மாட்டார். அதனால சபையிலேர்ந்து ஒருத்தரைக் கூப்பிட்டு கோப்பையைப் புடிச்சிக்கச் சொன்னாராம். மொகத்துல சிரிப்பே இல்லாத, கண்டிப்பான ஒருத்தரை..." என்று கூட்டத்தைத் துழாவி, என்னைக் காட்டினார். "அம்மா, நீங்க வாங்க. பயப்படாதீங்க. எனக்கு இவங்களை முன்னப்பின்ன தெரியாது."

பிள்ளைகள் கை தட்டி என்னை மேடைக்குத் தள்ளினார்கள். கப்பை என் உள்ளங்கையில் உட்கார வைத்தார். கதை தொடர்ந்தது. நான்கு நிமிஷம் ஆனது எனக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரிந்தது. உள்ளங்கை குளிர்ந்தது. முதலில் வியர்வை போல, பிறகு நிஜமான தண்ணீர், விரல் இடுக்கில் இறங்கியது. வேறு யாராக இருந்தாலும் கையை உதறியிருப்பார்கள். நான் விரல்களை இறுக்கினேன். மறு கையால் முந்தானையை இழுத்து, கப்பைப் பத்திரமாகப் பிடிக்கிறவள் போல அடியில் கொடுத்தேன். புடவை ஈரத்தைக் குடித்தது.

மைக்கை என் வாயருகே நீட்டினார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. கோப்பையில ஏதாச்சும் இருக்குதா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"சாதாரண கோப்பைதானே?"

"சாதாரண கோப்பைதாங்க."

அதே பாங்கி அதிகாரி குரல். கூட்டம் அமைதியாக நம்பியது. பிறகு கதை முடிந்தது, கப்பை வாங்கிச் சாய்த்தார், தண்ணீர் வந்தது, கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கை தட்டல்.

நிகழ்ச்சி முடிந்து, வகுப்பறைகளுக்குப் பின்னால் அவர் பெட்டியை அடுக்கிக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன். முந்தானையைப் பிழிந்தால் ஒரு மடக்கு வரும்.

"நாலு நிமிஷத்துல வேர்க்குதுங்க" என்றார், நிமிர்ந்து பார்க்காமல். "மொத நாளே வூட்டுல வச்சிப் பாத்தேன். ஆறு கப்பும் அப்பிடித்தான். உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்ங்க."

"எனக்கு அதுல சந்தேகம் இல்லீங்க. அதான் உங்களை வரச் சொன்னேன். வேற யார் கையில குடுத்தாலும் கத்தியிருப்பாங்க. உங்க கையில குடுத்தா மறைச்சிடுவீங்கன்னு தெரியும்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் குரலில் கோபமே இல்லை. "நான் உங்களுக்கு முழுச் சூட்டுல நல்லதா ஒண்ணு சுட்டுத் தரேன்ங்க. எத்தனை உடைஞ்சாலும் பரவாயில்லை. ஏழு நிமிஷம் இல்ல, ஒரு நாள் முழுக்க வைக்கலாம்" என்றேன். மனசாரச் சொன்னேன்.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"நல்ல கப்பு எதுக்குங்க? கப்பைப் பாத்தா கை தட்டுனாங்க? நீங்க 'ஒண்ணும் இல்லீங்க'ன்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் விழுந்தாங்க. அடுத்த வாரம் ஸ்ரீமுஷ்ணத்துல ஒரு ஸ்கூலு சொல்லியிருக்காங்க. அப்புறம் இன்னும் மூணு. வந்துருவீங்கதானே?"

இல்லை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தேடினேன். அவருடைய மனைவி அந்த நேரம் பார்த்து ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து என் கையில் வைத்து, "நல்லா இருப்பீங்கக்கா" என்றார். டீயைக் குடித்தேன். "வரேங்க" என்றேன்.

அப்போது என்னை உட்கார வைத்த டீச்சர் அந்தப் பக்கமாக வந்தார். என்னையும் அவரையும் அந்தப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க இவரோட வந்தவங்களா? எந்தப் புள்ளைக்கு வந்துருக்கீங்க?"

அவர் பெட்டிக்குள் குனிந்துகொண்டார். நான்தான் பேச வேண்டியிருந்தது.

"மூணாங் கிளாஸ் பொண்ணு ஒண்ணு இருக்குதுங்க டீச்சர். நான் அதோட பெரியம்மா. கப்பை நல்லாப் புடிச்சேன்னு சார் டீ வாங்கிக் குடுத்தாரு" என்றேன். ஒரு இடத்தில்கூட நாக்கு தடுக்கவில்லை.

டீச்சரின் முகம் தெளிந்தது. "அந்தப் பொண்ணா? நல்லா படிக்குதுங்க" என்றார்.

இல்லாத பிள்ளைக்காக நான் அவருக்கு நன்றி சொன்னேன்.